அத்தான் நிறுத்திய மாத்திரை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜார்ஜ் டவுனில் ஒரு கிளினிக்கில் கவுண்டர் வேலை பார்த்தேன். நாலு மருந்துப் பெயர் தெரியும் என்பதால் குடும்பத்தில் என்னை ‘அரை டாக்டர்’ என்பார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. வினையே அதுதான்.

கடலுக்கு அக்கரையில் செபராங் ஜெயாவில் இருந்த அக்காவின் கணவர் அப்போதுதான் மாரடைப்பிலிருந்து பிழைத்திருந்தார். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பத்திரியில் தினம் ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்திருந்தார்கள். நான் என் பங்குக்கு மீன் எண்ணெய் மாத்திரை ஒரு போத்தல் வாங்கிப் போனேன். கிளினிக்கில் கிடந்த பத்திரிகையில் படித்ததை அப்படியே ஒப்பித்தேன். ரத்தத்தில் தட்டணுக்கள் உண்டு, காயம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டி ரத்தத்தை உறைய வைக்கும், நெய்யும் இறைச்சிக் கொழுப்பும் அதிகமானால் காயமில்லாமலே ஒட்டும், மீன் கொழுப்பு அதைக் குறைக்கும் என்றேன். அக்கா வாயைப் பிளந்து கேட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சமையலறையில் இருந்தபோது அத்தான் வயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“அந்த வெள்ள மாத்திரை போட்டா வயிறு எரியுதும்மா. எண்ணெயும் அதே வேலையத்தானே செய்யுது?”

டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அரை டாக்டர் ஆயிற்றே!

“அப்ப அத நிறுத்திடுங்க அத்தான். எண்ணெயே போதும்லா.”

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மூளைக்குப் போகும் குழாயில் ரத்தம் கட்டிவிட்டது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன.

“மாத்திரைய ஏன் நிறுத்துனீங்க? எண்ணெய் அதுக்குப் பதிலாகுமா?” என்று டாக்டர் சத்தம் போட்டார். அக்கா மருந்து வாங்கப் போயிருந்தாள். கட்டிலருகே நான் மட்டும்தான் நின்றேன். அத்தான் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு குழறிய வாயோடு, “மறந்துட்டேன் டாக்டர்” என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. கோழை.

நாலு வருஷம் சக்கர நாற்காலியில் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். கடைசிவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சாவு வீட்டில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்:

“இவதான் எண்ணெய் வாங்கி வாங்கிக் கொடுத்தா. இல்லாட்டி மனுஷன் இத்தன வருஷம் இருந்திருப்பாரா?”

இப்போது யாராவது மருந்து பற்றி என்னிடம் கேட்டால் எழுந்து போய்விடுகிறேன். அக்காவிடம் மட்டும் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. அவள் அன்று என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அந்த நன்றியைத்தான் இன்றுவரை விழுங்க முடியவில்லை.