தாலாட்டுக்குச் சுருதி கொடுத்தவள்

தேவிப்பிரியாவை நாடகக் குழுவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தவளே சகாயராணிதான். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும்.

சகாயராணி பொம்மிடிப் பக்கத்துக்காரி. அப்பா செபாஸ்டின் மரவள்ளியும் மஞ்சளும் போடுகிற விவசாயி. கோயில் பாடற்குழுவில் பாடிப் பழகிய குரலை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வயதில் சென்னைக்கு ரயிலேறியவள், முப்பத்தாறு வயதிலும் அங்கேதான் இருந்தாள். பாட்டும் ஆட்டமுமாக நடக்கிற இசை நாடகங்கள் போடும் குழு ஒன்றில் வேலை. வளசரவாக்கத்தில் இரண்டு பெண்களோடு சேர்ந்து ஒரு வீடு. பக்கத்துக் கட்டிலில் படுப்பவளுக்கு ராத்திரி ஷிப்டு என்பதால், காலையில் தலையணையில் வாயை அமுக்கிக்கொண்டுதான் சாதகம் செய்வாள். பிறகு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் குழந்தைகளுக்குப் பாட்டு வகுப்பு. விளம்பரத்துக்குக் குரல் கொடுக்கக் கூப்பிட்டால் அதற்கும் ஓடுவாள். மத்தியானத்துக்குமேல் முழங்காலுக்கு உறை மாட்டிக்கொண்டு ரிகர்சல். வார நாட்களில் பள்ளிக்கூடங்களுக்குப் பகல் காட்சி, சனி ஞாயிறு சாயங்காலம் பெரிய அரங்கு. இருமல் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே ஐஸ்கிரீம் சாப்பிட்டுப் பல வருடமாயிற்று.

அப்போது அவர்கள் போட்டுக்கொண்டிருந்த நாடகம், நொடித்துப்போன ஒரு சர்க்கஸ் குடும்பத்தின் கதை. அதில் அம்மா வேடம்தான் எல்லாம். அந்த வேடத்தைக் கட்டிய பெண்ணுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் பதிலாக மேடையேறுவதற்கென்று நான்கு வருடமாகத் தயாராக நின்றவள் சகாயராணி. மற்ற நாட்களில் கோரஸில் பாடிக்கொண்டே கூடாரக் கயிறு சுமக்கும் வேலைக்காரி வேடம். அந்தப் பெண் கல்யாணமாகி துபாய்க்குப் போனபோது, இனி அந்த வேடம் தனக்குத்தான் என்பதில் சகாயராணிக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் ஊருக்குப் போகிற ரயிலில், எதிர் சீட்டில் அழுதுகொண்டிருந்த யாரோ ஒருவரின் குழந்தைக்கு ஒரு பெண் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். ஜோலார்பேட்டை தாண்டியும் பாடினாள். குழந்தை தூங்கிய பிறகும் பெட்டியில் ஒருவரும் பேசவில்லை. மொரப்பூர்ப் பெண், சென்னையில் ஏதோ கம்பெனியில் கணக்கு வேலை, பெயர் தேவிப்பிரியா. மொரப்பூரில் அவள் இறங்குவதற்குள் சகாயராணி அவளுடைய போன் நம்பரை வாங்கிவிட்டாள். இயக்குநர் அறிவழகனிடம், "எங்க பக்கத்துப் புள்ள சார். கோரஸ்ல ஒரு ஓரமா நிக்கட்டும்" என்று அவளாகவே போய்ச் சொன்னாள்.

அறிவழகன் அம்மா வேடத்தை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தார். இருபத்து நாலு வயதுக்காரிக்குத் தலையில் கொஞ்சம் நரை பூசினால் போதும் என்றார்.

சகாயராணி சிரித்துக்கொண்டே கைதட்டினாள். அன்று வீட்டுக்குப் போனதும், பக்கத்துக் கட்டிலில் யாரும் இல்லாதபோதும், தலையணையில் முகத்தை அமுக்கிக்கொண்டாள்.

அன்று ஆரம்பித்தது, எதைப் பார்த்தாலும் வளர்ந்தது. டீ கொண்டுவருகிறவர் தேவிக்கு மட்டும் கேட்காமலே சுக்குத் தண்ணீர் வைத்துவிட்டுப் போவார். அது கண்ணில் படும். தேவி இன்ஸ்டாகிராமில் படம் போட்டால், பொறாமை என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று முதல் ஆளாக இதயம் போடுவாள். போட்ட பிறகு எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள் என்று மறுபடி மறுபடி திறந்து பார்ப்பாள். மார்கழிப் பனியில் தேவி ஒருமுறை தும்மியபோது, தன் மனது எவ்வளவு வேகமாகத் துள்ளியது என்பதைக் கண்டு அவளுக்கே வெட்கமாக இருந்தது. மறுநாள் தேவி நன்றாகிவிட்டாள். வெட்கம் போய் எரிச்சல் மட்டும் மிஞ்சியது.

அவளுக்கு ஒரே ஆறுதல், தேவிக்குச் சுருதி நிற்காது என்பது. குரல் தேன்தான். ஆனால் வாத்தியம் இல்லாமல் அவளாக ஒரு பாட்டைச் சரியான இடத்தில் எடுக்கமாட்டாள். நாடகத்தின் கடைசிப் பகுதியில் ஒரு தாலாட்டு வரும். கூடாரத்தைப் பிரித்துவிட்டார்கள், புருஷன் ஓடிப்போய்விட்டான், வாத்தியக்காரர்களும் போய்விட்டார்கள் என்பது கதை. அதனால் அம்மா தனியாக, துணை இசையே இல்லாமல் பாட வேண்டும். அதற்குமுன் ஒரே கூச்சலும் சண்டையுமான காட்சி என்பதால் காதில் ஒரு சுரமும் தங்காது. கயிற்றைச் சுமந்துகொண்டு தேவியின் முதுகுக்குப் பின்னால் கடந்து போகும்போது சகாயராணி வாயை மூடியபடி மெல்ல முனகுவாள். அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு தேவி ஆரம்பிப்பாள். இது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஏற்பாடு. "அக்கா இல்லன்னா நான் அம்பேல்" என்று தேவி சொல்லும்போதெல்லாம் சகாயராணிக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

தை கழிந்து தர்மபுரியில் ஒரு காட்சிக்கு அழைப்பு வந்தது. ஒரு தனியார் கல்லூரி அரங்கம். ஊர்ப்பக்கம் வருகிறார்களே என்று சகாயராணியின் அம்மா புஷ்பமேரி, மொத்தக் குழுவுக்கும் மத்தியானச் சாப்பாடு தன் வீட்டில்தான் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். வேன் பொம்மிடி தாண்டி மண்சாலையில் இறங்கி வீட்டு வாசலில் நின்றபோது நாட்டுக்கோழிக் குழம்பு வாசம் தெருமுனை வரைக்கும் வந்தது.

யார் எந்த வேடம் என்று மகள் வீட்டில் சொன்னதே இல்லை. புஷ்பமேரிக்கும் அது பெரிய விஷயமாக இல்லை. அவள் பார்த்ததெல்லாம், எல்லோரும் தயங்கித் தயங்கிச் சாப்பிடும்போது, தேவி மட்டும் சம்மணம் போட்டு உட்கார்ந்து களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்கியதைத்தான்.

"எந்த ஊரு கண்ணு நீ?"

"மொரப்பூருங்க ஆயா."

"அதான பாத்தேன். நம்ம பக்கத்துப் புள்ளன்னா களி தின்னும்போதே தெரியும். இவளும் இருக்காளே, மெட்ராஸ் போனதிலிருந்து களின்னா மூஞ்சியத் திருப்பிக்கிறா." மகளுக்கென்று எடுத்து வைத்திருந்த ஈரலைத் தூக்கி தேவியின் தட்டில் போட்டாள்.

"அம்மா, அவ பாடணும். ரொம்ப ஊட்டாத" என்றாள் சகாயராணி.

"பாடறவதான் தின்னணும். நீ சும்மா இரு."

சாப்பாடு முடிந்து எல்லோரும் கைகழுவிய பிறகு, புஷ்பமேரி தேவியைத் தன் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு தலையைப் பிரித்து எண்ணெய் தடவி வாரினாள். தோட்டத்துக் கனகாம்பரத்தைக் கட்டிவைத்திருந்தாள். அதை முழுச் சரமாக அவள் பின்னலில் வைத்தாள். கிணற்றடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த சகாயராணி நிமிர்ந்து பார்த்தாள். அம்மா தன் தலையை வாரிவிட்டது கடைசியாக எப்போது என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. வேடம் போனபோதுகூட இப்படி வலிக்கவில்லை.

"உனக்கும் ஒரு கண்ணி பூ இருக்குடி ராணி" என்று அம்மா அங்கிருந்தே சொன்னாள்.

"எனக்கு வேணாம்" என்றாள்.

சாயங்காலம் அரங்கம் நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையில் அப்பா, அம்மா, கோயிலிலிருந்து வந்த நாலைந்து பேர். மேடைக்கு ஓரத்திலிருந்து சகாயராணிக்கு அவர்கள் முகம் தெளிவாகத் தெரிந்தது. சண்டைக் காட்சி முடிந்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து ஒன்று மட்டும் மிஞ்சியது. அவள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். தேவியின் பின்னலில் கனகாம்பரம் அப்படியே இருந்தது. ஒப்பனைக்காரர் எடுக்கச் சொல்லியும் அவள் எடுக்கவில்லை போலிருக்கிறது.

சகாயராணி வாயைத் திறக்காமல் கடந்து போனாள். முனகலும் வரவில்லை.

தேவி காத்திருந்தாள். தோள் லேசாகத் திரும்பியது. அரங்கம் அமைதியாக இருந்தது. அந்த அமைதி நீண்டுகொண்டே போனது. மறைவில் நின்ற சகாயராணியின் கை கயிற்றை இறுக்கியது. இப்போதுகூட முனகலாம். இங்கிருந்தும் அவளுக்குக் கேட்கும். அவள் முனகவில்லை.

பிறகு தேவி தானாகவே எடுத்தாள். வழக்கத்தைவிட வெகுவாகக் கீழே, கிட்டத்தட்டப் பேச்சுக்குரலில்.

"கூடாரம் சுருட்டியாச்சு, குதிரையெல்லாம் தூங்கியாச்சு..."

மேல்சுருதியில் பாடும்போது அது கச்சேரி போலிருக்கும். இப்போது, களைத்துப்போன ஒருத்தி பக்கத்தில் படுத்திருக்கிற பிள்ளையின் காதில் சொல்வது போலிருந்தது. கீழ்ச்சுரங்களில் குரல் கரகரத்தது. ஓரிடத்தில் காற்று மட்டும் வந்தது. மூன்றாவது வரிசையில் புஷ்பமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செபாஸ்டின், சாவு வீட்டில்கூட அழாதவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாட்டு முடிந்தது. கைதட்டல் ஓயவேயில்லை.

சகாயராணி கயிற்றை இறக்காமல் நின்றாள். நாலு வருடமாக அந்தப் பாட்டை அவள் ஒரு சுரம் பிசகாமல் மனதுக்குள் பாடியிருக்கிறாள். அதை இப்படிப் பாடலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. கெடுக்கப் போய், எதிரிக்குத் தன் கையாலேயே முடிசூட்டி விட்டாள்.

திரை விழுந்ததும் அறிவழகன் ஓடி வந்தார். "யார் சொல்லிக் குடுத்தது? இனிமே இதான் சுருதி. மாத்தாத" என்றார்.

மறுநாள் சென்னை திரும்பும் வழியில், காவேரிப்பட்டணத்தில் டீக்கு வேன் நின்றது. மற்றவர்கள் கடைக்குள் போக, தேவி சாலையோரப் புங்கமரத்தடிக்கு வந்தாள். கையில் இரண்டு டீ. ஒன்றை நீட்டினாள்.

"நேத்து சுருதி குடுக்கலையேக்கா. மறந்துட்டீங்களா?"

மறந்துவிட்டேன் என்றால் முடிந்துபோயிருக்கும். தேவியும் அதைத்தான் எதிர்பார்த்தது போலிருந்தது. சகாயராணி டீயை ஊதினாள்.

"மறக்கல."

தேவி அவளைப் பார்த்தபடி நின்றாள். முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

"நான் செத்தே போயிட்டேங்கா அங்க. உங்க அம்மா அப்பா முன்னாடி, எங்க ஊருக்காரங்க முன்னாடி. உங்களத்தான் நெனச்சேன், அக்காவுக்கு என்னமோ ஆயிடுச்சின்னு பயந்துட்டேன்."

"எனக்கு ஒண்ணும் ஆகல."

"தெரியுதுங்க" என்றாள் தேவி. அதுவரை அக்கா என்றவள், அதற்குப் பிறகு வெகுநாள் வரை வெறும் 'ங்க'வோடு நிறுத்திக்கொண்டாள். வேனில் ஏறிப் பின் சீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

புதுச் சுருதி தேவியின் சொந்தக் குரல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அங்கேதான் ஆரம்பிப்பாள். முனகுவதற்கு இனி ஆள் தேவையில்லை. கயிற்றைச் சுமந்துகொண்டு அந்த முதுகைக் கடந்து போவது சகாயராணிக்கு ஒவ்வொரு காட்சியிலும் முள்ளாகத் தைத்தது. தன்னிடம் இருந்த ஒரே பிடியையும் தானே விட்டுவிட்டாள்.

ஒரு மாதம் தாங்கினாள். பிறகு ரிகர்சல் முடிந்து எல்லோரும் போனதும் அறிவழகனிடம் நேராகக் கேட்டாள்.

"அந்த ரோல எனக்கு ஏன் சார் குடுக்கல? வயசா?"

அவர் நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார். மழுப்பப் பார்த்து, பிறகு விட்டுவிட்டார். "வயசு இல்லீங்க ராணி. நீங்க பாடினா தப்பே வராது. வராதுன்னு பாக்கறவனுக்கும் தெரிஞ்சுடும். அந்த அம்மா என்ன ஆவாளோன்னு அவனுக்குப் பயம் வரணும்ல?"

அன்று பஸ்ஸில் வரும்போது அந்த வார்த்தையைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஒழுங்காகப் பாடுவது ஒரு குற்றமா. மறுநாள் காலையில் சாதகத்துக்குத் தலையணையை எடுத்தவள், கோபத்தில் அதை வீசிவிட்டு, பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி தூங்குகிறாள் என்பதையும் பாராமல், தாலாட்டைத் திறந்த வாயோடு பாடினாள். மேல்சுருதியும் இல்லை, தேவியின் சுருதியும் இல்லை. வாய் போன இடம். அடித் தொண்டையிலிருந்து வந்த அந்தக் குரலில் இவ்வளவு ஆத்திரம் இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. தூங்கிக்கொண்டிருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தால், கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

பங்குனியில் தேவியின் அண்ணன் கல்யாணம். அவள் மொரப்பூர் போன வாரத்தில் பள்ளிக்கூடக் காட்சிகளுக்கு அம்மா வேடம் சகாயராணிக்கு வந்தது. அந்தப் பிள்ளைகள் சர்க்கஸ் காட்சிகளில் கத்திக் கொட்டமடித்தார்கள். தாலாட்டில், தூங்காத பிள்ளையோடும் ஓடிப்போன புருஷனோடும் ஒருசேரச் சண்டை போடுகிறவள் மாதிரி அவள் பாடினாள். முன் வரிசைப் பையன் ஒருவன் பக்கத்திலிருந்தவன் கையைப் பிடித்துக்கொண்டான். அறிவழகன் பின்னால் நின்று கேட்டார். மறுநாளும் வந்து நின்றார்.

கையில் மருதாணி மங்காமல் தேவி திரும்பி வந்தாள். கிரீன் ரூமில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். தேவி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சார் சொன்னாரு. வேற மாதிரி பாடறீங்களாமே."

"ஆமா."

"எப்படி?"

சகாயராணி உடுப்பை மடித்துக்கொண்டே, உட்கார்ந்த இடத்திலேயே முதல் இரண்டு வரியைப் பாடினாள். தேவியின் கையிலிருந்த சீப்பு தலையில் பாதியில் நின்றுவிட்டது. கண்ணாடிக்குள் அவளுடைய முகம் தெரிந்தது. உதட்டில் சிரிப்பு இருந்தது. கண்ணில் இல்லை. தாடை இறுகியது. அந்த முகத்தைச் சகாயராணிக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது. எத்தனையோ நாள் அதைத் தன் கழுத்துக்குமேல் சுமந்து திரிந்திருக்கிறாள்.

"நல்லாருக்குங்க" என்றாள் தேவி.

பரவாயில்லை, போதும் என்று நிறுத்தியிருக்கலாம். சகாயராணி மடித்த உடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, நிதானமாக, அடுத்த இரண்டு வரியையும் பாடினாள்.