கேளு, எடுத்துத் தரேன்

சந்திரமதியின் கைப்பைக்குள் யாரும் கைவிடக் கூடாது. சிங்கப்பூர் தெம்பனிஸில் எங்கள் அலுவலகம் முழுக்கத் தெரிந்த சட்டம் அது. தலைவலி மாத்திரையோ ஊசிநூலோ, எதுவானாலும் “கேளு, எடுத்துத் தரேன்” என்பாள். “உள்ள என்ன தங்கமா வச்சிருக்கே?” என்று பதினோரு வருடமாகச் சீண்டுகிறேன். சிரிப்பாளே தவிர, ஜிப்பைத் திறந்து காட்டமாட்டாள்.

கணினி நிரல் எழுதுவதிலும் அதே பிடிவாதம். லிட்டில் இந்தியாவில் கேட்டரிங் நடத்தும் அழகர்சாமி அண்ணனுக்கு நாங்கள் இருவரும் ஓர் ஆர்டர் மென்பொருள் செய்துகொடுத்தோம். ஒவ்வோர் ஆர்டருக்குள்ளும் ‘சைவம்’ என்று ஒரு குறிப்பு இருக்கும். அதை வெளியிலிருந்து நேராகத் தொட முடியாதபடி பூட்டிவிட்டு, மாற்றுவதற்கு ‘சைவமாக்கு’ என்று ஒரே ஒரு கட்டளை வைத்தாள். எனக்கு எரிச்சல். “நாம ரெண்டு பேர்தான்லா எழுதறோம். நம்ம வீட்டுக்கே நமக்குப் பூட்டா?” என்று கத்திப் பூட்டை எடுக்கவைத்தேன்.

புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து தாரணி என்பவர், அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அறுபது பெட்டி மட்டன் பிரியாணி சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை பதறிப்போய் அழைத்தபோது, கடையிலிருந்த நான்தான் எடுத்தேன். “அண்ணே, நாளைக்குப் புரட்டாசி சனி! மறந்தே போய்ட்டேன். அப்பா விரதம். சைவமா மாத்திடுங்க, ப்ளீஸ்.”

மடிக்கணினியைத் திறந்து, ‘சைவம்’ குறிப்பில் நேராக ‘ஆம்’ என்று எழுதினேன். ஒரே வரி. என்ன பெருமை எனக்கு!

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, அண்ணனுக்கு ஒத்தாசையாக அவர் சமையலறையில் மூடிய பெட்டிகள்மேல் பச்சை ‘சைவம்’ லேபிளை நானே ஒட்டிக்கொண்டிருந்தேன். சந்திரா மூக்கைச் சுளித்தாள்.

“வேலு, மட்டன் வாசம் வரலே?”

“வேற ஆர்டரா இருக்கும்.”

அவள் ஒரு பெட்டியைத் திறந்தாள். பச்சை லேபிளுக்குக் கீழே கொழுத்த எலும்புத் துண்டு.

“நேரா மாத்தினியா?”

தலையாட்டினேன். லேபிள் மட்டும்தான் அந்தக் குறிப்பைப் பார்க்கும். சமையல் பட்டியல் பார்க்காது. ‘சைவமாக்கு’ வழியாகப் போயிருந்தால் குறிப்பை மாற்றி, பட்டியலையும் மாற்றி, சமையலறைத் திரையில் மணியும் அடித்திருக்கும். நான் வாசலை விட்டுவிட்டுச் சன்னல் வழியாக உள்ளே குதித்திருந்தேன்.

“எம்பேரையே கெடுத்திருப்பியேடா பாவி!” என்று கத்திக்கொண்டே அழகர்சாமி அண்ணன் சைவப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினார். நான் கேரட் நறுக்கினேன். சந்திரா பீன்ஸ். மட்டன் பெட்டிகள் விரதம் இல்லாத நண்பர்களைத் தேடிப் போயின. பன்னிரண்டு இருபதுக்குக் காய்கறி பிரியாணி புக்கிட் பாஞ்சாங் போய்ச் சேர்ந்தது.

ஒன்றரைக்குத் தாரணி அழைத்தார். “அப்பா ரெண்டு தரம் வாங்கிச் சாப்ட்டாங்க அண்ணே!” அண்ணன் கரண்டியோடு ஓர் ஆட்டம் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாத்திரம் கழுவும்போது மூடி என் விரலைக் கீறியது. சந்திராவின் கைப்பை என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தது. அவளோ அந்தக் கோடியில் நின்றாள்.

“சந்திரா, பிளாஸ்டர்!”

வந்தாள், எடுத்தாள், ஒட்டிவிட்டாள். பிறகு பைக்குள் எட்டிப் பார்த்தாள். “இதான் கடைசி. போற வழியில வாங்கணும்.”

நானாக எடுத்திருந்தால், தீர்ந்துபோனது அவளுக்குத் தெரிந்தே இருக்காது.

“சந்திரா, அந்தப் பூட்டைத் திரும்பப் போட்டுடு.”

“காலையிலயே போட்டாச்சுலா,” என்று ஜிப்பை இழுத்து மூடினாள்.