பதினொரு கேட்டுக்கு ஒரு வண்டி

சுமலதா டிராக்டரில் வண்டியோட்டக் கற்றவள். கடம்பத்தூர் பக்கம் அப்பாவின் நெல் வயலில் பதினெட்டு வயதிலேயே சேற்றில் உழவு ஓட்டியிருக்கிறாள். கல்யாணமாகிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்தவள், தேர்வாய் கண்டிகைக் கம்பெனி வாசல்களுக்கு இட்லியும் பொங்கலும் கொண்டுபோக ஆரம்பித்து ஏழு வருஷமாகிறது. மொத்தம் பதினொரு கேட்டு. ஒவ்வொன்றிலும் பத்து நிமிஷம், அவ்வளவுதான்.

அவளுடைய பழைய பெட்ரோல் வேன் இருக்கிறதே, அது அவளுக்கு வாய்த்த ஜென்மப் பகையாளி. விடியற்காலையில் சமர்த்தாகக் கிளம்பும். சூடேறியபின் நிறுத்தி நிறுத்தி எடுத்தால்தான் அதன் குணம் தெரியும். வேண்டியதற்கு மேல் பெட்ரோலைக் குடித்து, பிளக் நனைந்து, அப்படியே உட்கார்ந்துகொள்ளும். அவள் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்குள் அடுத்த கேட்டில் ஷிப்டு மணி அடித்துவிடும். போன மாதம் இரண்டு தடவை கடைசி கேட்டுப் பெண்கள் வெறும் வயிற்றோடு மெஷினுக்கு முன்னால் போய் நின்றார்கள். "இன்னொரு வாட்டி லேட்டானா வேற ஆளப் பாத்துக்கறோம்" என்று அங்கே சூப்பர்வைசராக இருக்கும் கல்பனா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். சுமலதாவுக்கு அவள்மேல் கோபமில்லை. அந்தப் பெண்கள் பசியோடு போனதுதான் நெஞ்சை அறுத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், நெடுஞ்சாலை ஓரம் பழைய வண்டி விற்கும் லோகுவிடம் போனாள். சும்மா போகவில்லை. தினமும் ஏற்றும் பாரம் இருக்கட்டுமென்று இட்லிக் குண்டான்கள் நிறையத் தண்ணீர் நிரப்பிக் கொண்டுபோனாள். லோகு பளபளவென்றிருந்த ஒரு வெள்ளை பிக்கப்பைக் காட்டினான்.

"ஹைவேல ஒரு ரவுண்டு போய்ட்டு வாக்கா, பறக்கும்."

"பறக்கறதுக்கு நான் இன்னா ஏரோப்ளேனா கேட்டேன்? குண்டானுங்கள ஏத்து. பதினோரு தபா நிறுத்தி நிறுத்தி எடுக்கணும்."

லோகு சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் ஓட்டுவாள், நிறுத்துவாள், பத்து நிமிஷம் காத்திருந்து எடுப்பாள். ஏழாவது தடவை என்ஜின் இருமி அடங்கியது. பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது.

"ஆக்சிலேட்டர ஃபுல்லா மிதிச்சிக்கினு ஸ்டார்ட் அடிக்கா, எடுத்துக்கும்."

"எடுத்துக்கும்னு எனக்கும் தெரியும். ஏழு வருஷமா அதத்தான மிதிச்சிக்கினு கெடக்கறேன். இது வாணாம்."

அடுத்தது ஒரு பச்சை பிக்கப். கதவெல்லாம் ஒடுக்கு, சீட்டில் கிழிசல். அதைக் காட்ட லோகுவுக்கே கூச்சமாக இருந்தது. மறுபடி குண்டான்கள் ஏறின. வெயிலில் கூடவே வந்து பேஜாராகிப்போன லோகு, மத்தியானச் சோற்றைக்கூட வண்டிக்குள்ளேயே தின்றான். ஏழாவது தடவை எடுத்தது. ஒன்பது, பத்து, பதினொன்று. ஒவ்வொரு தடவையும் சாவியைத் திருகிய உடனே என்ஜின் பிடித்துக்கொண்டது.

"முடிஞ்சிதுக்கா. பேப்பர் எழுதிடலாமா?"

சுமலதா என்ஜினை நிறுத்தினாள். சீட்டை விட்டு இறங்கவில்லை.

"இன்னும் ஒரு தபா."

"பதினொண்ணுன்னு தானக்கா சொன்ன?"

"இன்னொரு கம்பெனில நாலு மாசமா கூப்புட்டுக்கினே கீறாங்க. என் பழைய வேன நம்பி எப்பிடி ஒத்துக்கறது? வரமுடியாதுன்னு சொல்லிட்டேன்."

அவள் பத்து நிமிஷத்தையும் கடிகாரத்தைப் பார்த்தே கழித்தாள். பிறகு சாவியைத் திருகினாள். வண்டி பிடித்தது.

அதை ஓடவிட்டபடியே போனை எடுத்து அந்தக் கம்பெனிக்கு அடித்தாள். "அடுத்த வாரத்துலேர்ந்து எத்தினி பேருக்கு நாஷ்டா வோணும்?" என்று கேட்டாள்.