எனக்கென்று நினைத்த சால்வை

எங்கள் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் பெண்கள் கூடிச் சால்வை பின்னத் தொடங்கினால், கொஞ்ச நாளில் ஓர் ஆண் செத்துப்போவான் என்று நான் நம்பினேன். நம்பியபோது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பி.காம். படித்தவன். தேயிலை ஃபேக்டரியில் சூப்பர்வைசர். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தேன் என்று தெரியும்.

என் நம்பிக்கைக்கு ஆதாரம் ஒன்றே ஒன்றுதான். போன வருடம் ஆபீஸ் ஹெட் கிளார்க் படுத்த படுக்கையானபோது குவார்ட்டர்ஸ் பெண்கள் சேர்ந்து அவருக்கு ஒரு சால்வை செய்தார்கள். வீட்டுக்கு ஒரு சதுரம். குரோஷா ஊசியால் ஆளுக்கு ஒரு சாண் அளவுக்குப் பின்னிக் கொடுப்பது, கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்து ஓரம் கட்டுவது. முப்பத்தாறு வீடு, முப்பத்தாறு சதுரம். இதற்குத் தலைவி என் மனைவி. யூடியூபில் இந்தி பேசும் ஒரு பெண்மணியைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். பேச்சு புரியவில்லை, விரல் புரிந்தது என்பாள். வெள்ளிக்கிழமை ஹெட் கிளார்க்குக்குப் போர்த்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் போய்விட்டார்.

இந்த வருடம் மழை விட்ட நேரத்தில் எனக்கு நெஞ்சுக்குக் கீழே ஓர் எரிச்சல். குன்னூரில் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்து, ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தேன். ரிப்போர்ட் வாங்க வேண்டிய நாளில் எனக்கு ஷிஃப்ட். மனைவி போய் வாங்கி வந்து பீரோவில் வைத்துவிட்டு, "ஒண்ணுமில்லீங்க, கேஸுதான்" என்றாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் அவள் இவ்வளவு மென்மையாக என்னிடம் எதையும் சொன்னதில்லை. எனக்கு அப்போதே வியர்த்தது. ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பயந்தவன் பார்க்க மாட்டான். அதுதான் பயம்.

அடுத்த வாரம் அரிசி டின்னுக்குப் பின்னால் பழுப்பு நிற உல்லன் உருண்டைகள் ஒளிந்திருப்பதைக் கண்டேன். பக்கத்து வீட்டில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பார்கள். நான் தலையைக் காட்டியதும் ஊசியும் நூலும் பைக்குள் போய்விடும், பேச்சு மழைக்கும் கேரட் விலைக்கும் தாவிவிடும். ஒருநாள் மனைவி போனில் யாரிடமோ, "அவருகிட்ட மட்டும் மூச்சு விட்றாதீங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அதற்கு மறுநாள் இன்ச் டேப்போடு வந்தாள்.

"ஏனுங்க, செத்த நேரா நில்லுங்க."

ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை அளந்தாள். கழுத்திலிருந்து முழங்கால்வரை அளந்தாள். காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்டேன். ஸ்வெட்டருக்கு என்றாள். முழங்கால்வரை ஸ்வெட்டர் போட்டவனை ஊட்டி ரேஸ்கோர்ஸ் பக்கம்கூட நான் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மாதக் கடைசியில் எங்கள் ட்ரையர் அண்ணன் ஓய்வு பெறுகிறார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஃபேக்டரியில் தேயிலையைக் காய வைக்கும் ட்ரையர் இயந்திரத்தில் வேலை பார்த்தே தலை நரைத்தவர், அதனால் அந்தப் பெயர். என்னைவிட ஆறு வயது மூத்தவர், ஆனால் என் உடம்புவாகு. என் கோட்டு அவருக்குச் சரியாக இருக்கும், அவர் கோட்டு எனக்கு. ஆனால் எங்கள் எஸ்டேட்டில் ஓய்வு பெறுகிறவர்களுக்குக் கொடுப்பது சுவர்க்கடிகாரம். ஓய்வு பெற்ற யாருக்கும் சால்வை பின்னிக் கொடுத்ததில்லை. அதோடு, சாகப்போகிறவன் மூளையில் அடுத்தவனுக்கு இடம் ஏது?

நான் சாக ஆரம்பித்தேன். என் இரண்டு நல்ல ஜெர்க்கின்களை வாட்ச்மேனுக்குக் கொடுத்தேன். அவர் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார், ஜிப் சரியில்லையாம். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு ஒரு படம் வேண்டுமே என்று போனில் தேடினேன். நான் ஊருக்கெல்லாம் கோமாளி, யாரைப்போல வேண்டுமானாலும் பேசிக் காட்டுகிறவன். அதனால் எல்லாப் படத்திலும் கண்ணைச் சொருகிக்கொண்டோ நாக்கைத் துருத்திக்கொண்டோதான் இருக்கிறேன். ஒரே ஒரு படத்தில் ஒழுங்காக நிற்கிறேன், அது ஹெட் கிளார்க் சாவில் எடுத்தது. கண்ணாடி முன் நின்று சாந்தமாகப் புன்னகைத்துப் பழகினேன். அதைப் பார்த்த மனைவி பல்வலியா என்று கேட்டாள்.

இதுவரைக்கும் சிரிக்கலாம்.

சாவு நெருங்கினால் மனதில் வந்து உட்காருவது ஒன்றுதான் என்று சொல்வார்கள். எனக்கு அது ட்ரையர் அண்ணன். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் அவருடைய சின்ன மகளுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. லீவு சொல்ல நேரமில்லை. ட்ரையரை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு வெளியே போய்விட்டேன். இயந்திரத்துக்குள் கொழுந்து நின்றுபோய், சூடு ஏறி, அன்றைய தேயிலை முழுக்கக் கருகிவிட்டது. மேனேஜர் வந்து ட்ரையரில் யார் என்று கேட்டார். ரிஜிஸ்டரில் அண்ணன் பெயர் இருந்தது. நானும் அண்ணன் பெயரையே சொன்னேன்.

அண்ணனிடம் வேறு ஒன்று சொன்னேன். என்னை ஆபீஸில் கூப்பிட்டார்கள், போய்த் திரும்புவதற்குள் இப்படி ஆகிவிட்டது, நீங்கள் லீவு சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனதைப் பற்றி மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை என்று. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அந்த வருடம் அவருக்கு வர வேண்டிய சூப்பர்வைசர் வேலை எனக்கு வந்தது. அதற்கும் வாழ்த்துச் சொன்னார். இருபத்திரண்டு தீபாவளிக்கு அவர் வீட்டு முறுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் வாங்கிக்கொண்டேன்.

இதைச் சொல்லாமல் செத்தால் அவர் என் பிணத்துக்கும் நன்றி சொல்வார் என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். தோட்டத்தில் பீன்ஸ் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். பத்து நாளில் காலி செய்கிற வீடு. அடுத்து வருகிறவர்கள் பறித்துக்கொள்ளட்டுமே என்றார்.

"அண்ணா, அன்னிக்கு ஆபீஸ்ல என்னைய யாரும் கூப்புடலீங்ணா."

எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. குச்சியை அழுத்தி நட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப எங்க இருந்தே?"

"கேட்டுக்கு வெளிய. டீக்கடைல."

"என்ன பண்ணீட்டு இருந்தே?"

"மேனேஜர் மாதிரி பேசிக் காட்டீட்டு இருந்தனுங்ணா."

அவர் கையிலிருந்த சணல் கயிற்றின் சிக்கை எடுத்தார். "சிரிச்சாங்களா?" என்று கேட்டார். சிரித்தார்கள் என்றேன். அந்தக் கேள்விக்குப் பதிலாக அடி வாங்கியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

பிறகு, இத்தனை நாள் கழித்து இப்போது எதற்குச் சொல்கிறாய் என்று கேட்டார். நான் என் சாந்தமான புன்னகையை வரவழைத்துக்கொண்டு, "நா இனி ரொம்ப நாளைக்கு இல்லீங்ணா, ரிப்போர்ட் வந்துருச்சு" என்றேன். அவர் முகம் மாறியதை இன்றைக்கும் என்னால் நினைக்க முடியவில்லை. கயிற்றைக் கீழே போட்டார். மண் ஒட்டிய கையோடு என் தோளைப் பிடித்தார்.

"உடு கண்ணு. அதெல்லாம் எப்பவோ போச்சு. நீ உடம்பப் பாரு."

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். சொன்னால் வெட்கக்கேடு, அந்த அழுகையில் ஒரு சுகம் இருந்தது.

மறுநாள் காலை மனைவி என் ஜெர்க்கினைத் தேடினாள். அதை வாட்ச்மேன் போட்டுக்கொண்டு கேட்டில் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். இனிமேல் எனக்கு ஜெர்க்கின் எதற்கு, எல்லாம் எனக்குத் தெரியும், சால்வையும் தெரியும் என்று நான் தழுதழுத்தேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் அடுப்படித் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பீரோவைத் திறந்து ரிப்போர்ட்டை எடுத்து என் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். வயிற்றில் புளிப்பு, காரம் குறைக்கவும், அவ்வளவுதான்.

"அந்தச் சால்வ ட்ரையர் அண்ணனுக்குங்க. எல்லாருமாச் சேந்து அவருக்குக் கடியாரம் வேண்டாம்னு முடிவு பண்ணுனோம். உங்க வாயில நிக்காதுன்னுதான் உங்களுக்குச் சொல்லல. அளவு அவருதும் உங்களுதும் ஒண்ணுதானே?"

ஒரு நிமிடம் எனக்கு மறுபிறவி எடுத்ததுபோல இருந்தது. நிஜமாகவே குதித்தேன். இரண்டாவது நிமிடம் பீன்ஸ் குச்சி ஞாபகம் வந்தது. பிழைத்துவிட்டேன், இப்போது அவர் முகத்தில் எப்படி முழிப்பது?

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கிளம்பினேன். செருப்பை மாட்டும்போது வாசலில் அண்ணன் மனைவி நின்றாள், கையில் தூக்குப்போசி. அதில் ஆட்டுக்கால் சூப். அவர்தான் கொடுத்துவிடச் சொன்னார், மிளகு தூக்கலாகப் போட்டிருக்கிறேன், தெம்பு வரும் என்று சொல்லி என் முகத்தைப் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் வாங்கி வைத்தேன். குடித்தேன். மறுநாளும் வந்தது. ஒரு வாரம் தினமும் வந்தது. எதற்கு இவர்கள் சூப் அனுப்புகிறார்கள் என்று என் மனைவி கேட்டாள். கிளம்புகிறவர்கள் இல்லையா, ஒரு பிரியம்தான் என்று சொன்னேன். ஒவ்வொரு நாளும் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேனே தவிர, வாயைத் திறக்கவில்லை. அவர் வருவது தெரிந்தால் கொழுந்து எடைபோடும் கொட்டகைக்குள் நுழைந்துவிடுவேன். ஃபேக்டரியில் அவர் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். மாடிப்படி ஏற விடவில்லை. உட்கார்ந்தேன். ஏறவில்லை.

பிரிவு விழா அன்று சாயங்காலம் க்ளப் ஹாலில் எல்லோரும் கூடினோம். மேனேஜர் பேசினார். பிறகு என் மனைவியும் இன்னும் நாலு பெண்களும் சால்வையை விரித்துக்கொண்டு மேடைக்குப் போனார்கள். பழுப்பும் சந்தன நிறமுமாக முப்பத்தாறு சதுரம். எது யார் வீட்டுச் சதுரம் என்று ஒவ்வொருத்தியும் கையைக் காட்டிச் சொன்னாள். அண்ணன் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். போர்த்தினார்கள். அளவு அச்சாகப் பொருந்தியது.

அவர் மேடையிலிருந்து இறங்கினார். நேராக முன்வரிசையில் இருந்த என்னிடம் வந்தார். சால்வையைத் தோளிலிருந்து எடுத்து எனக்குப் போர்த்தினார்.

"நா காரமடைக்குப் போறேன். அந்த வெயில்ல எனக்கெதுக்குடா இது? உனக்குத்தான் குளிரும். நீ வச்சுக்க கண்ணு."

அண்ணனிடம் நான் சொன்னது என் மனைவிக்குத் தெரியாதே. அவள் உரிமையோடு, "அவருக்கெதுக்குங்ணா? உங்களுக்குன்னு ராவும் பகலுமாப் பின்னுனது" என்றாள். உடம்புக்கு முடியாதவனுக்குக் கொடுப்பதில் தப்பில்லை என்று அண்ணன் தணிந்த குரலில் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இவருக்கா? இவருக்கு வெறுங் கேஸுங்ணா."

ஹாலே சிரித்தது. இது என்னுடைய புது வேடிக்கை என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் விசிலடித்தார். பின்னாலிருந்து யாரோ என்னை மேடைக்குக் கூப்பிட்டு, மேனேஜர் குரலில் ஏதாவது பேசச் சொன்னார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். நான் சால்வையின் ஓரத்தை விரலால் நீவினேன்.

அவர் குனிந்து சால்வையை என் தோளிலிருந்து எடுத்தார். கோபமாக எடுக்கவில்லை. நான்காக மடித்துக் கையில் போட்டுக்கொண்டு போய் மேடையில் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அடுத்த நாள் நான் மேனேஜரிடம் போய் அந்தப் பழைய கதையைச் சொன்னேன். அவர் இந்த எஸ்டேட்டுக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. அந்தக் காலத்து ரிஜிஸ்டரெல்லாம் இப்போது கிடையாது, இதை எங்கே எழுதிக்கொள்வது என்று கேட்டுவிட்டு, எனக்கு ஒரு டீ கொண்டுவரச் சொன்னார்.

புதன்கிழமை காலை அண்ணன் சாமான் வண்டியோடு கிளம்பினார். வீடு வீடாக ஏறி இறங்கிச் சொல்லிக்கொண்டார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். சால்வைக்காக என் மனைவிக்கு நன்றி சொன்னார். நான் உள் அறையில் நின்றுகொண்டிருந்தேன். நான் இருக்கிறேனா என்று அவர் கேட்கவில்லை, நானும் வெளியே வரவில்லை.