ஊறுகாய்க்கு ஒரு கல்யாண எழுத்து

பன்னிரண்டு வயதில், எழுத்துருக்களைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற முடிவுக்கு நான் வந்திருந்தேன். வாப்பாவின் தம்பி, என் சாச்சா, எங்கள் தீவின் டாலிகஞ்சில், அழைப்பிதழும் லேபிளும் அமைத்துக் கொடுக்கும் சின்ன டிடிபி கடை ஒன்று வைத்திருந்தார். பள்ளி விட்டதும் நேரே அங்கே போய், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். அதிலிருந்த ஆங்கில எழுத்துருக்களில் ஒன்றின் மேல் எனக்குத் தீராத மோகம். பேனாவைத் தூக்காமலே யாரோ எழுதி முடித்தது போலச் சாய்ந்து ஓடும். கீழே இறங்கும் கோடு தடித்து வரும், மேலே ஏறுகையில் மயிரிழையாக மெலியும். பெரிய 'டி'யின் தலைக்கோடு பக்கத்திலிருக்கும் மூன்று எழுத்துகளுக்குக் குடை பிடிக்கும். 'ஒய்'யின் வாலோ சொல்லின் அடியில் முழுதாக ஓடி, ஒரு சுழி சுழித்துத்தான் நிற்கும்.

சாச்சா அதைக் 'கல்யாண எழுத்து' என்பார். அழைப்பிதழில் மாப்பிள்ளை, பெண் பெயர்களுக்கு மட்டும் பெரிதாக அதைப் போடுவார். ஒருமுறை நான் முழு அழைப்பிதழையும் அதிலேயே அமைத்துக் காட்டினேன்.

"மண்டபம் எங்கெ இருக்குன்னு ஒருத்தனுக்கும் வெளங்காது, புள்ள. ஆக்குன பிரியாணி அப்புடியே கெடக்கும்" என்றார். சாச்சாவுக்கு ரசனை போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம்தான் உம்மாவின் சூரை மீன் ஊறுகாய்க்கு யோகம் வந்தது. அதுவரை அக்கம்பக்கத்தார் மட்டுமே வாங்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டுக்குள் இருந்த கடையில் கேட்டிருந்தார்கள். முதலில் இரண்டு டஜன் பாட்டில். விற்றுப்போனால் மாதாமாதம் எடுத்துக்கொள்வார்களாம். உம்மா மூன்று நாள் அடுப்படியை விட்டு நகரவில்லை. லேபிள் என் பொறுப்பு.

சாச்சா வேலையாகச் சிப்பிகாட் ஊருக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், என்னைத் தடுக்க யாருமில்லாமல் அதை முடித்தேன். சந்தன நிறத் தாள், பழுப்பு மை, அத்தனை சொல்லும் கல்யாண எழுத்தில். உம்மாவுக்கு ஹிந்தி வாசிக்க வரும், ஆங்கிலம் வராது. பாட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு. இதுல மீனுன்னு எங்க போட்டிருக்கு?"

விரலால் தொட்டுக் காட்டினேன்.

"ஒரு மீன் படம் போட்டுருவோமா?"

"அழகு கெட்டுப்போயிரும்மா" என்றேன்.

சனிக்கிழமை காலைக் கப்பலில் நாங்கள் இருவரும் ஹேவ்லாக் போனோம். கடை மேனேஜர் ஒரு வங்காளி. பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பஹுத் சுந்தர்!" ரொம்ப அழகு என்றவர், அவற்றைக் கொண்டுபோய் சோப்புகளுக்கும் வாசனை மெழுகுவர்த்திகளுக்கும் நடுவில் அடுக்கினார். நாங்கள் நிற்கும்போதே மெயின்லேண்டிலிருந்து வந்த ஒரு இளம் ஜோடி உள்ளே நுழைந்தது. அந்தப் பெண் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இது முகத்துக்கா, தலைமுடிக்கா என்று உம்மாவிடம் ஹிந்தியில் கேட்டாள்.

உம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "ஆச்சார் ஹை, ஜீ. மச்லி கா." மீன் ஊறுகாய் என்றாள்.

அந்தப் பெண் கலகலவென்று சிரித்தாள். தாங்கள் சைவமென்றும் பாட்டில் அழகாக இருப்பதால் ஷோகேஸில் வைத்துக்கொள்வதாகவும் சொல்லி, இரண்டு வாங்கிக்கொண்டு போனாள்.

திரும்பும் கப்பலில் எனக்கு வாய் ஓயவில்லை. மீன் சாப்பிடாதவர்களையே மீன் ஊறுகாய் வாங்க வைத்துவிட்டேன் அல்லவா! உம்மா கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள். "அப்ப, அதத் தொறக்கவே மாட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு டஜனும் போய்விட்டன. மேனேஜர் போன் செய்து இன்னும் கேட்டார். யாராவது சாப்பிட்டுவிட்டு ஏதாவது சொன்னார்களா என்று உம்மா விசாரித்தாள். அப்படி எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த முறை லேபிளுக்கு உம்மா என்னிடம் வரவில்லை. தானே சாச்சாவிடம் போனாள். புது லேபிளில் உம்மாவின் பெயர் மட்டும் என் கல்யாண எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே தடித்த ஹிந்தி எழுத்தில் 'மச்லி கா ஆச்சார்', பக்கத்தில் ஒரு கொழுத்த சூரை, அடியில் வீட்டுப் போன் நம்பர். நான் இரண்டு நாள் உம்மாவோடு பேசவில்லை. மேனேஜர் பாட்டில்களை பிஸ்கட் வரிசைக்கு மாற்றிவிட்டார் என்றும், புதுமண ஜோடிகள் தொடுவதேயில்லை என்றும் கேள்விப்பட்டபோது, ஒளிக்காமல் சந்தோஷப்பட்டேன்.

ஒரு மாதம் கழித்து, போன் செய்து வழி கேட்டுக்கொண்டு ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஹேவ்லாக் கப்பலில் வேலை பார்ப்பவர். கையில் எங்கள் பாட்டில், துடைத்தெடுத்தது போலக் காலியாக. லேபிளில் எண்ணெய் ஊறி உம்மாவின் பெயர் பாதி அழிந்திருந்தது.

"தீதி, ஏக் பாத் போலூ?" அக்கா, ஒன்று சொல்லட்டுமா என்று தயங்கினார். "நமக் தோடா ஜ்யாதா ஹை."

உப்பு கொஞ்சம் கூடுதலாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அழகான எழுத்தையும் பாழாக்கி, வீடு தேடி வந்து குறையும் சொல்கிறாரே! உம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தேன். அவளோ முகமெல்லாம் மலர்ந்து நின்றாள். எத்தனையாவது கவளத்தில் உப்பு தெரிந்தது, சோற்றோடு சாப்பிட்டாரா, ரொட்டியோடா, புளிப்பு சரியாக இருந்ததா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். அவரை உட்கார வைத்துச் சோறு போட்டாள். போகும்போது ஒரு புது பாட்டிலையும் கையில் கொடுத்தாள்.

அழகு அழகு என்று மேனேஜர் புகழ்ந்தபோதெல்லாம் சும்மா இருந்தவள், உப்பைக் குறை சொன்ன ஒரு மனிதருக்காக அன்று முழுவதும் ஏன் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தாள் என்பது மட்டும், எல்லாம் தெரிந்த எனக்கு விளங்கவேயில்லை.