பதினோராம் நிலையத்தில் ஐந்து நிமிடம்

ஜனார்த்தனுக்கு நாற்பத்துமூன்று வயது. குடியேறிய நாட்டில், லின்ஃபீல்ட் என்ற புறநகரில் வீடு. பல வருடம் கிடங்கு வேலைக்குப் போய்வரும்போது காரில் பறவைக் குரல் பதிவுகளைக் கேட்டுக் கேட்டே இந்த ஊர்க் காட்டுப் பறவைகளை அறியப் பழகியவர். இப்போது நகரசபைக்கு ஒப்பந்த வேலையாக, காலையில் தனியே போய்ப் பறவைகளை எண்ணுகிறார்.

முறை எளிது. நிலையம் என்று குறித்த இடத்தில் ஐந்து நிமிடம் அசையாமல் நிற்கவேண்டும். கண்டதையும் கேட்டதையும் எழுதவேண்டும். இடையில் வாய் திறந்தால் அந்தத் தடவை செல்லாது. பத்து மணிக்குப் பிறகு எண்ணக்கூடாது.

பதினோராம் நிலையம் டிட்டிராங்கி என்ற பகுதியில் ஒரு தெருமுடிவில், வீடுகளின் பின்புறம் தெரியும் இடத்தில் இருந்தது. இந்தப் பருவத்தில் இரண்டு தடவை அது வீணாகிவிட்டது. இரண்டு தடவையும் யாரோ வந்து இங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். கேட்டவருக்குப் பதில் சொல்லாமலிருக்க அவருக்கு வராது. சிரித்து, விளக்கமாகச் சொன்னார். மூன்றாவதும் தவறினால் நிலையத்தையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

முன்பு நான்கு வருடம் அங்கே எண்ணிய பிரிட்ஜெட்டின் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். ‘குறுக்கீடு’ என்ற கட்டத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. பிரிட்ஜெட் வெள்ளைக்காரி. ஜனார்த்தன் நல்ல கறுப்பு.

எண்ணும் பருவத்தின் கடைசி நாள் காலையில் மனைவி உஷா, “அந்த மினுங்கிற மஞ்சள் வெஸ்டைப் போட்டுட்டுப் போங்கோவன்” என்றாள்.

“அதைப் போட்டால் குருவி ஓடிப்போடும்.”

“போடாட்டிச் சனம் ஓடி வருது. எது வசதி?”

அவர் வழக்கமான மங்கல் பச்சைச் சட்டையோடு போனார்.

மூன்றாம் நிமிடம். இரண்டு டூயிப் பறவை, ஒரு ரிரோரிரோக் குருவி. பின்னால் நாய்ச் சங்கிலிச் சத்தம். ஒரு மனிதர், வழி தவறிவிட்டதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஜனார்த்தன் மரத்தையே பார்த்தார். உன்னைத்தான் கேட்கிறேன் என்றது குரல். நாக்கு நுனிவரை வந்த ‘மன்னிக்கவேண்டும்’ என்பதை விழுங்கி, ‘விசிறிவால் குருவி, ஒன்று’ என்று எழுதினார். அந்த மனிதர் போனை எடுத்தார். கறுப்பு ஆள், கையில் தொலைநோக்கி, வீடுகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று யாருக்கோ சொல்வது தெளிவாகக் கேட்டது.

ஐந்து நிமிடம் முடிந்தது. ஜனார்த்தன் திரும்பிக் காலை வணக்கம் சொல்லி, எண்ணிக்கைத் தாளை நீட்டினார். அந்த மனிதர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே நாயை இழுத்துக்கொண்டு இரண்டடி பின்னே போனார்.

பன்னிரண்டாம் நிலையத்துக்கு இருபது நிமிட நடை. மணி ஒன்பதே கால். இப்போது நடந்தால், பொலிஸ் வரும்போது அது தப்பி ஓடியது ஆகிவிடும். தொலைநோக்கியைக் கழுத்திலிருந்து கழற்றித் தரையில் வைத்தார். இரண்டு கைகளும் வெளியே தெரியும்படி அங்கேயே நின்றார்.