கூங்கா பேசிய நாள்

அந்த மரப் பொம்மைகளை இப்போது தேடித் தேடி வாங்குகிறார்களாம். ஒரு சாண் உயரம், வெள்ளிப் பூச்சு, கண்களுக்குச் சிப்பித் துண்டு, இடது கை மட்டும் காதருகே தூக்கியபடி இருக்கும். மெயின்லேண்டிலிருந்து அந்தமானுக்கு வருகிறவர்கள் அபர்தீன் பஜாரில் பழைய கடைகளாகப் பார்த்து விசாரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பொம்மைக்கு அடிப்படையான அந்தப் பழைய படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள், அது டைரக்டர் ஒருநாள் கனவில் கண்ட உருவம் என்று எழுதுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் மனசுக்குச் சங்கடமாக இருக்கிறது. கனவும் இல்லை, ஒன்றும் இல்லை. அது எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன்.

கல்யாணமாகி நான் போர்ட் பிளேருக்கு வந்தது அறுபதுகளின் கடைசியில். என் வீட்டுக்காரருக்கு அரசாங்க வேலை. டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் தகரக் கூரை போட்ட ஒரு குவார்ட்டர்ஸ். அடுத்த வீட்டில் மெட்ராஸிலிருந்து வந்த ஒரு தம்பதி. அவர் அரசாங்க ஸ்டோர்ஸில் வேலை பார்த்தார். நிலைப்படியில் குனிந்துதான் நுழைவார், அவ்வளவு உயரம். பேச்சு மட்டும் அளந்துதான் வரும். அந்த அக்கா நேர் எதிர். என்னைப் பார்த்த முதல் நாளே, "புதுசா வந்திருக்கியா? தேங்கா எண்ணெய் இருக்கா? இல்லன்னா வந்து வாங்கிக்க" என்று வேலி மேலேயே சிநேகம் பிடித்துக்கொண்டார். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஜஹாஜ் என்று இங்கே சொல்கிற கப்பல் ரிப்பேராகிக் கல்கத்தாவில் நின்றுவிட்டது, மெட்ராஸ் கப்பலும் தள்ளிப்போனது. உருளைக்கிழங்கும் வெங்காயமும் தீர்ந்தன. டாக்கீஸுக்கு வர வேண்டிய புதுப் படப் பெட்டியும் வரவில்லை. கையில் இருந்தது ஒரே ஒரு தமிழ்ப் படம். வேறு கிரகத்திலிருந்து ஒருவன் வந்து இறங்குகிற கதை. மெட்ராஸில் ஒரு வாரம்கூட ஓடாமல் சுருண்ட படமாம். வேறு வழியில்லாமல் அதையே திரும்பத் திரும்ப ஓட்டினார்கள்.

இங்கே அது வேறு மாதிரி ஆனது. அந்த வேற்றுக்கிரகத்தான் படம் முழுக்க ஒரு வார்த்தை பேசமாட்டான். ஜனங்கள் வேண்டாம் என்று தூக்கிப் போட்டதையெல்லாம் பொறுக்குவான்: உடைந்த லாந்தர், ஒற்றைச் செருப்பு, பொத்தல் விழுந்த குடம். ஒவ்வொன்றையும் எடுத்துக் காதருகே வைத்துத் தலையைச் சாய்ப்பான், அது ஏதோ சொல்வதைக் கேட்பதுபோல. மற்றவர்கள் பேசும் தமிழ் புரியாத பெங்காலிகளும் தெலுங்குக்காரர்களும் மலையாளிகளும் அவனைப் பார்க்கவே வந்தார்கள். அவனுக்கு மட்டும்தான் மொழி வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் அவனுக்குக் 'கூங்கா' என்று பேர் வைத்தார்கள். இந்தியில் ஊமை என்று அர்த்தம். கொஞ்ச நாளில் ஊரில் எந்தத் தெருவில் பார்த்தாலும் ஏதாவது ஒரு குழந்தை ஒரு கல்லையோ தேங்காய்ச் சிரட்டையையோ காதில் வைத்துத் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். ஆபீஸில் பெரிய ஆபீசர் கூப்பிட்டால் குமாஸ்தாக்கள்கூட பேனாவைக் காதில் வைத்து அப்படிச் சாய்ந்து காட்டிச் சிரிப்பார்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

நானும் அக்காவும் ஒரு மத்தியானக் காட்சிக்குப் போனோம். அண்ணன் வரவில்லை. "எனக்கு வேண்டாம், நீங்க போய்ட்டு வாங்க" என்றார். கூங்கா திரையில் வந்ததும் கொட்டகையே எழுந்து கத்தியது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். ஏதோ பயந்துவிட்டார் என்று நினைத்துத் திரும்பினேன். கண்ணில் தண்ணீர்.

"உள்ள இருக்கிறது அவர்தான்" என்றார்.

"எவர்?"

"எங்க வீட்டுக்காரர்தான்டி. யார்கிட்டயும் சொல்லிடாத. தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டுடுவார்."

வீட்டுக்கு நடந்து வரும்போது குடைக்குள் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தவர். நல்ல கணீரென்ற குரலாம். உயரத்தைப் பார்த்து இந்த வேஷத்துக்குக் கூப்பிட்டார்கள். கடைசிக் காட்சியில் வேற்றுக்கிரகத்தான் ஊராரைப் பார்த்துப் பேசுகிற நீளமான வசனம் ஒன்று இருந்தது. அதற்காகத்தான் ஒப்புக்கொண்டார். தலைக்கு ஒரு பிரம்புக் கூடையைக் கவிழ்த்துக் காகிதக் கூழ் பூசிச் செய்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டால் மூச்சு பட்டுக் கண்ணுக்குப் பதித்த கண்ணாடி மங்கிவிடும், முன்னால் எதுவும் தெரியாது. இடது காதுப் பக்கம் மட்டும் கூடை விட்டுப்போய் ஒரு கீற்று இருந்தது. கையில் கொடுத்த சாமான் என்ன என்று பார்க்க அதை அந்தக் கீற்றுக்கு நேராகத் தூக்கித் தலையைச் சாய்ப்பார். டைரக்டர் அதைப் பார்த்து, "அப்படியே செய், ஏதோ கேட்கிற மாதிரி இருக்கு" என்றாராம். கூங்கா பிறந்தது அப்படித்தான்.

வசனம் மட்டும் நிலைக்கவில்லை. கூடைக்குள்ளிருந்து வந்த குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்ததால், அவன் ஊமையாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். கொட்டகையில் உட்கார்ந்து பார்க்கும்போதுதான் அண்ணனுக்கே அது தெரிந்தது. முகமும் இல்லை, குரலும் இல்லை, டைட்டிலில் பெயரும் இல்லை. அடுத்த மாதமே அந்தமான் வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டார்.

"ஊரே அவரைக் கொண்டாடுது. அவர் என்னடான்னா அரிசி மூட்டையை எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருக்கார்" என்றார் அக்கா.

பொம்மை செய்கிற யோசனை அக்காவுடையது. சாத்தம் தீவின் மரமில்லிலிருந்து வீடுகளுக்கு விறகாக வருகிற துண்டு மரங்களில் லேசானதாகப் பொறுக்கி, அரிவாள்மனையும் சின்ன உளியும் வைத்துக்கொண்டு முதல் பொம்மையைச் செதுக்கினார். மூக்கு சரியாக வரவில்லை, அதனால் மூக்கே இல்லாமல் விட்டுவிட்டார். நான் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன், பெயிண்ட் அடிப்பேன். அபர்தீன் பஜாரில் கடை வைத்திருந்த ராமநாதபுரம் பக்கத்துப் பாய் ஒருவர்தான் வெள்ளிப் பெயிண்ட் தந்தது. செய்த பொம்மைகளைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்ததும் அவர்தான்.

"தங்கச்சி, நேத்து வச்சது இன்னிக்கு இல்ல. பாம்பூஃப்ளாட்டுலேருந்து போட் புடிச்சு வந்து கேக்குறாங்க. சீக்கிரம் செஞ்சு குடுங்கம்மா" என்பார்.

அண்ணன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆபீஸ் விட்டு வந்ததும் முற்றத்தில் காய்கிற பொம்மைகளைத் தாண்டிக் கால் வைத்து உள்ளே போவார். ஒருநாள் அக்கா ஒரு பொம்மையை அவர் முன்னால் நீட்டி, "உங்களை மாதிரியே இருக்கா, பாருங்க" என்றார். "அது நான் இல்ல" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். ஆனால் மறுநாள் நான் போனபோது, ஆள் இல்லை என்று நினைத்து ஒரு பொம்மையைக் கையில் எடுத்து, கட்டை விரலால் அதன் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டார்.

மழை விட்டு, கடல் அமைதியான மாதங்களில், துறைமுகத்துக்கு அக்கரையில் இருக்கிற பாம்பூஃப்ளாட்டில் ஒரு விழா வைத்தார்கள். எல்லா மொழிக்காரர்களும் சேர்ந்து நடத்துகிற விழா. மேடையில் கூங்கா வேஷம் போட ஒரு ஆள் வேண்டும், உயரமான ஆளாக வேண்டும் என்று பாய் மூலமாகச் சொல்லியனுப்பினார்கள். அண்ணன்தான் உண்மையான ஆள் என்று அவர்களுக்குத் தெரியாது. அக்கா விடவில்லை. சாப்பாடு போடும்போதும் அதே பேச்சு, துணி காயப்போடும்போதும் அதே பேச்சு. கடைசியில் அண்ணன் ஒரு நிபந்தனை வைத்தார்.

"போட்டுக்கறேன். ஆனா கடைசில தலையைக் கழட்டிட்டு அந்த வசனத்தைப் பேசுவேன்."

அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "இனிமே இது யாருன்னு எல்லாருக்கும் தெரியட்டும்" என்றார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. அக்கா ரெக்சின் துணியில் உடுப்பு தைத்தார், பிரம்புக்கூடை வாங்கித் தலை செய்தார். அந்த நாட்களில் அண்ணன் வேறு மனிதராக இருந்தார். வேலி ஓரம் நின்று, "தங்கச்சி, மெட்ராஸ் நாடகக் கொட்டகையில மைக் இல்லாம கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கும் என் குரல், தெரியுமா?" என்று சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சாயங்காலம் ஆனால் கடற்கரைக்குப் போய் யாருமில்லாத இடத்தில் வசனத்தைச் சொல்லிப் பார்ப்பார்.

விழா அன்று சாத்தத்திலிருந்து போட்டில் போனோம். மைதானம் நிறைந்திருந்தது. கூங்கா மேடை ஏறியதும் எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் ஒரு பழைய மண்ணெண்ணெய் டின்னை எடுத்துக் காதில் வைத்தார். கூட்டத்தில் அத்தனை பிள்ளைகளும் கையைக் காதுக்குக் கொண்டுபோனார்கள். என் வீட்டுக்காரர்கூடக் கையைத் தூக்கினார்.

பிறகு அண்ணன் முன்னால் வந்து நின்று, இரண்டு கையாலும் தலையைக் கழற்றினார். வேர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. பேச ஆரம்பித்தார்.

"ஊராரே! உங்களுக்குப் பாடம் சொல்ல வந்தவன் அல்ல நான். எனக்குப் போக இடமில்லை, அதனால் வந்தேன். நீங்கள் எறிந்ததையெல்லாம் எடுத்து வைத்தேன்..."

கணீரென்ற குரல்தான். அக்கா சொன்னது பொய்யில்லை. ஆனால் எங்களைப் போல நாலைந்து தமிழ்க் குடும்பங்களைத் தவிர அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. "யே கூங்கா நஹீ ஹை!" இது கூங்கா இல்லை என்று ஒரு பையன் கத்தினான். அதைத் தொடர்ந்து பெரியவர்களும். "சிர் வாபஸ் லகாவ்!" தலையைத் திரும்ப மாட்டு என்று சிரித்துக்கொண்டே கூப்பாடு போட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஊரையும் வீட்டையும் விட்டுவிட்டு இங்கே காட்டை வெட்டிக் குடியேறிய ஜனங்கள்தான் பாதிப்பேர். போக இடமில்லாமல் வந்தேன் என்று அவர் சொன்னது புரிந்திருந்தால் அந்த மைதானமே அழுதிருக்கும். புரியவில்லை.

அண்ணன் நிறுத்தவில்லை. குரலை உயர்த்தினார். கூட்டம் கலைந்துவிடுமோ என்று பயந்து, விழா நடத்தியவர்களில் ஒருவர் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. கையைத் தூக்கி, இறக்கி, யாரையோ கெஞ்சுவதுபோல ஒருமுறை முன்னால் குனிந்து, கடைசிவரை பேசினார். பேசி முடித்ததும் கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

திரும்பும்போது போட்டில் அவர் மடியில் அந்தத் தலை இருந்தது. பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அவரை ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு பெங்காலிச் சிறுமி அதைத் தன் தலையில் வைக்கச் சொன்னாள், வைத்துவிட்டார். அக்கா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார். நான், "நல்லாப் பேசினீங்க அண்ணா" என்றேன்.

"டைரக்டர் சரியாத்தான் செஞ்சிருக்கார் தங்கச்சி" என்றார். "நான்தான் புரிஞ்சுக்கல."

அதற்குப் பிறகு அக்கா பொம்மை செய்யவில்லை. பாய் நேரில் வந்து கேட்டும், "கை வலிக்குது பாய்" என்று சொல்லிவிட்டார். சில மாதங்களில் அண்ணன் தாமாகவே கேட்டு தெற்கே நிக்கோபார் கோடியில் இருக்கிற கேம்பல் பேவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். அப்போதுதான் அங்கே குடியேற்றம் தொடங்கியிருந்தது. கப்பல் ஏற்றிவிடப் போனோம். அக்கா அழுதார், நானும் அழுதேன். அண்ணன் எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அங்கே நினைத்தபோது போய்வர முடியாது. நாலு வரி எழுதினால் போய்ச் சேர மாதக்கணக்காகும். தொடர்பு மெல்ல மெல்ல விட்டுப்போனது.

எழுபதுகளின் கடைசியில் மெட்ராஸுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது சைதாப்பேட்டை மார்க்கெட்டில் அக்காவைப் பார்த்தேன். முதலில் அடையாளம் தெரியவில்லை. நெற்றி வெறுமையாக இருந்தது. கேம்பல் பேயில் காய்ச்சல் கண்டு அண்ணன் போய்விட்டார், தம்பி வீட்டில் இருக்கிறேன் என்றார். இருவரும் ஒரு சுவரோரம் ஒதுங்கி நின்றோம்.

அந்தப் படத்தைக் காலைக் காட்சிகளில் மறுபடி போட, காலேஜ் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போய், மெட்ராஸிலும் கூங்காவுக்கு மவுசு வந்திருந்த நேரம் அது. நடைபாதைக் கடையில் பிளாஸ்டிக் பொம்மைகள் குவிந்து கிடந்தன. அக்கா ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"வலது கையைத் தூக்க வச்சிருக்கான்" என்றார். "மூக்கு வேற வச்சிருக்கான்." பொம்மையை இருந்த இடத்திலேயே வைத்தார்.

எத்தனையோ வருஷமாகக் கேட்க நினைத்ததை அன்று கேட்டேன். "அக்கா, அந்த வசனம் எப்படி முடியும்? பாட்டுச் சத்தத்துல எனக்குக் கேக்கவே இல்ல."

"எனக்கும் தெரியாதுடி" என்றார். "மேடைக்குப் பின்னாடிதானே நான் இருந்தேன். வீட்ல அவர் சொல்லிக் காட்டினதே இல்ல. அன்னிக்கு நேர்ல கேட்டுக்கலாம்னு நானும் கேக்கல. அப்புறம் கேக்க மனசு வரல." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்: "கேம்பல் பேயில யார்கிட்டயும் பேசமாட்டார். ஆபீஸ்ல எல்லாத்துக்கும் தலையைத் தலையை ஆட்டுவார். அங்க இருந்தவங்க, பாவம் இவருக்கு இந்தி தெரியாது போலன்னு நினைச்சுக்கிட்டாங்க. என்கிட்டகூட வரவரக் குறைச்சுட்டார்."

அவருடைய தம்பி மகள் பையோடு வந்து கூப்பிட்டாள். "வரேன்டி, உடம்பைப் பார்த்துக்க" என்று என் கன்னத்தைத் தொட்டுவிட்டு அக்கா போனார். மார்க்கெட் கூட்டத்தில் கொஞ்சதூரம்வரை அவருடைய சாம்பல் நிறப் புடவை தெரிந்தது. விலாசம் வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.